மூளையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்தால்: தண்ணீரை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள்

எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் ‘சிஸ்டிக் லீஷன்’ என்று பார்த்ததும் வீட்டில் பாதிப் பேர் புற்றுநோய் என்று முடிவுகட்டி அழ ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப் பேர் ‘வெறும் நீர்க்கட்டிதானே, தானாகக் கரைந்துவிடும்’ என்று ஆறுதல் சொல்வார்கள். இரண்டுமே அவசரம். அந்த வரியிலிருந்து உறுதியாகத் தெரிவது, அந்த இடத்தில் திரவம் நிறைந்த ஒரு பை இருக்கிறது என்பது மட்டும்தான். அது பிறவியிலேயே இருக்கிற, கடைசிவரை எந்தத் தொந்தரவும் தராத பையாக இருக்கலாம், நாடாப்புழு முட்டையிலிருந்து வந்த கொப்புளமாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், ஒரே அறுவையில் முழுக்கக் குணமாகும், தீவிரம் மிகக் குறைந்த முதல் கிரேடு கட்டியாக இருக்கலாம், மிகத் தீவிரமான நான்காம் கிரேடு மூளைப் புற்றான கிளையோபிளாஸ்டோமா நடுவில் அழுகி நீராகிப் போயிருக்கலாம். ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாமே ஒரு உருண்டைதான்.

ரேடியாலஜி ரிப்போர்ட் எழுதுகிறவன் என்ற முறையில், இவற்றை எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம், எந்த ஸ்கேன் எதற்கு, சிகிச்சை தொடங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். கையில் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்தாருக்கும், இப்போதுதான் மூளை ஸ்கேன் பார்க்கப் பழகும் இளம் டாக்டர்களுக்கும் சேர்த்து. படித்துவிட்டு நீங்களே நோயைச் சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்க முடிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பெரும்பாலான கட்டிகளில் அந்தத் திரவம் கட்டியே இல்லை. கட்டி இருப்பது பையின் சுவரில், அல்லது மோதிரத்தில் பதித்த கல் போலச் சுவரின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் சதைத்துண்டில். அதை நாங்கள் நாட்யூல் என்போம். ஐந்து சென்டிமீட்டர் பையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், ஓரத்தில் இருக்கும் எட்டு மில்லிமீட்டர் நாட்யூலைக் கவனிப்பதில்லை. ஆனால் நோயின் பெயரைச் சொல்லப்போவதும், அறுவையில் எடுக்க வேண்டியதும், அடுத்த வருட ஸ்கேனில் திரும்ப வந்திருக்கிறதா என்று தேட வேண்டியதும் அதைத்தான்.

1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக நோயாளிக்கான சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம். இயந்திரம் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கியது, உடன் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். அந்தப் படத்தில் தெரிந்ததும் இதே மாதிரி நீர்ப்பையோடு கூடிய கட்டிதான். மண்டையைத் திறக்காமலே அப்படி ஒரு கறுப்பு வட்டத்தைப் பார்க்க முடிந்ததே அன்றைக்குப் பெரிய சாதனை. இன்றைக்கு வட்டம் தெரிவது ஆரம்பம் மட்டும்தான்.

முதலில் ஸ்கேனைச் சரியாக எடுங்கள்

தலைவலி, வாந்தி, ஃபிட்ஸ் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் முதலில் சி.டி. எடுப்பார்கள். அது சரிதான். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ரத்தக் கசிவு, மூளை அறைகளில் நீர் கோத்திருப்பது, மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருப்பது எல்லாம் உடனே தெரியும். கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐயைவிட சி.டி. நன்றாகக் காட்டும், அதனால் எம்.ஆர்.ஐ வந்த பிறகும் பழைய சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ, கான்ட்ராஸ்ட் ஊசியோடு, அதாவது கட்டியைப் படத்தில் ஒளிரச் செய்யும் மருந்தோடு. இங்கேதான் நிறையப் பேர் செலவைப் பார்த்துப் பிளெயின் எம்.ஆர்.ஐயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊசி போடாமல் எடுத்தால் பை தெரியும், சுவரும் நாட்யூலும் பேசாது. கடைசியில் இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள், இரண்டு செலவாகும். ஊசிக்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். அந்த ஊசியில் இருக்கும் கேடோலினியம் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே இருந்தால் எந்த வகை மருந்து போடலாம் என்று யோசித்துத்தான் போட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மிகவும் அவசியம் என்றால் ஒழியப் போட மாட்டார்கள். பாலூட்டும் தாய்மார்கள் ஊசிக்குப் பிறகும் பால் கொடுக்கலாம். பேஸ்மேக்கர், காதில் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் இருந்தால் ஸ்கேன் அறைக்குள் கால் வைக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

சின்னக் குழந்தைகள் அரை மணி நேரம் ஆடாமல் படுக்க மாட்டார்கள், மயக்க டாக்டர் வேண்டியிருக்கும், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு மேல் பால்கூடக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குழந்தைக்குச் சிறுமூளையில் கட்டி என்று சந்தேகம் இருந்தால் அதே மயக்கத்திலேயே முதுகுத்தண்டையும் சேர்த்து எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். மெடுல்லோபிளாஸ்டோமா, எபென்டைமோமா மாதிரிக் கட்டிகள் தண்டுவட நீர் வழியாகக் கீழே இறங்கும். அறுவைக்குப் பிறகு எடுத்தால் அங்கே வடிந்திருக்கும் ரத்தமும் கட்டி பரவியதும் ஒரே மாதிரி தெரிந்து குழப்பும்.

நான் கெஞ்சிக் கேட்கும் ஒரு விஷயம்: ஸ்கேன் சீட்டைக் காலியாக விடாதீர்கள். ‘தலைவலி’ என்று ஒரு சொல் மட்டும் எழுதிய சீட்டோடு வரும் ஸ்கேனை வைத்துக்கொண்டு ஐந்து நோய்களின் பெயரை வரிசையாக எழுதுவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. ஃபிட்ஸ் எப்போது வந்தது, காய்ச்சல் இருந்ததா, காது சீழ் வடிகிறதா, முன்பு டி.பி. மருந்து சாப்பிட்டதுண்டா, வேறு எங்காவது புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்ததுண்டா, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையோ எச்.ஐ.வி. பாதிப்போ உண்டா, ஸ்டீராய்டு ஊசி தொடங்கிவிட்டார்களா, இவற்றை டாக்டர் எழுத மறந்தால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்து பெயர் இரண்டாகக் குறைய இதுவே போதும். ஸ்டீராய்டைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: லிம்ஃபோமா என்ற வகை மூளைப் புற்று ஸ்டீராய்டு பட்டதும் சுருங்கி ஒளிந்துகொள்ளும், பிறகு பயாப்ஸி (சோதனைக்காகச் சதைத்துண்டு) எடுத்தாலும் தெளிவான பதில் கிடைக்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இல்லாதபோது, லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால், பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது அதனால்தான்.

ஃபிலிமோடு திருப்தி அடையாதீர்கள், டிஸ்க் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில படங்கள். டிஸ்க்கில் எல்லாமே இருக்கும். செல்போனில் ஃபிலிமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இது என்ன சார்’ என்றால் எந்த நல்ல டாக்டராலும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

வயதும் இடமும் பாதி விடையைச் சொல்லிவிடும்

ஸ்கேனைத் திறந்ததும் நான் பார்ப்பது நோயாளியின் வயது. எட்டு வயதுக் குழந்தை, சிறுமூளையில் பெரிய நீர்ப்பை, சுவரில் ஒரு நாட்யூல், அது கான்ட்ராஸ்ட்டில் நன்றாக ஒளிர்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா. பெயர் பயமுறுத்தும், ஆனால் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் முதல் கிரேடு. நாட்யூலை முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் கீமோவோ கதிர்வீச்சோ தேவைப்படாது, பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாக இருக்கிறார்கள். பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டும், அந்த முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

அதே படம், அதே இடம், ஆனால் வயது முப்பத்தைந்து. இப்போது முதலில் வருவது ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. ரத்தக்குழாய்கள் நிறைந்த நாட்யூல், பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும், பக்கத்திலேயே தடித்த ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்தால் அந்த நாட்யூலில் ரத்த ஓட்டம் மிக அதிகமாக இருக்கும், பைலோசைட்டிக்கில் அப்படி இருக்காது. இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வான் ஹிப்பல் லிண்டாவ் என்ற பரம்பரை நோய் இருக்கும். அதனால் மூளையோடு நிற்காமல் முதுகுத்தண்டு, கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கணையம், அட்ரீனல் எல்லாம் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் மரபணு ஆலோசனை வேண்டும். ‘மூளைக் கட்டியை எடுத்தாச்சு, முடிந்தது’ என்று வீட்டுக்குப் போய்விட்டு, சிறுநீரகப் புற்றை முற்றிய நிலையில் கண்டுபிடிப்பது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள். இரண்டு வரிப் பரிந்துரையில் தவிர்க்கக்கூடியது அது.

பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தில் பை இருந்து, சி.டி.யில் சுண்ணாம்பும் தெரிந்தால், குழந்தைகளில் அது அநேகமாகக் கிரேனியோஃபாரிஞ்சியோமா. குழந்தை வயதில் ஒரு அலை, ஐம்பதுக்கு மேல் இன்னொரு அலை என்று இரண்டு பருவங்களில் வரும். உள்ளே இருக்கும் திரவம் இஞ்சின் ஆயில் நிறத்தில், கொழுப்புத் துகள்களோடு இருக்கும். அதனால்தான் சாதாரண நீர் கறுப்பாகத் தெரிய வேண்டிய டி1 படத்தில் இது பல நேரம் வெள்ளையாகத் தெரியும். இந்த இடத்தில் பை என்றால் ஸ்கேனோடு ஹார்மோன் சோதனைகளும் பார்வைப் புலச் சோதனையும் சேர்ந்தே நடக்க வேண்டும். கார்ட்டிசால் குறைவாக இருக்கிறதா என்று பார்க்காமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். கார்ட்டிசாலைச் சரிசெய்த பிறகுதான் தைராய்டு.

நடு மூளையில், மூன்றாம் அறையின் வாசலில், சி.டி.யில் வெள்ளை முத்து போல ஒன்று தெரிந்தால் அது கொல்லாய்டு சிஸ்ட். சின்னதுதான், புற்றும் கிடையாது, ஆனால் வாசலை அடைத்தால் சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்திவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, மூளை அறைகள் விரிந்திருந்தாலோ, தலைவலி வந்து வந்து போனாலோ நரம்பியல் அறுவை நிபுணரை அன்றைக்கே பார்க்க வேண்டும். இப்படி அறை அடைத்திருக்கும்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது.

இளம் வயதில் வருடக்கணக்காக ஃபிட்ஸ், பொட்டு மடலில் நாட்யூலோடு ஒரு பை என்றால் கேங்கிளியோகிளையோமா என்ற கட்டியை நினைக்க வேண்டும். எடுத்தால் பலருக்கு ஃபிட்ஸும் நின்றுவிடும். அறுபது வயதில், சில வாரங்களில் வேகமாக வளர்ந்த அறிகுறிகளோடு, தடித்த கரடுமுரடான சுவர் கொண்ட பை என்றால் கிளையோபிளாஸ்டோமாவையோ வேறு உறுப்பிலிருந்து பரவியதையோ நினைக்க வேண்டும். பல இடங்களில் இருந்தால், அதுவும் வெள்ளைப் பகுதியும் சாம்பல் பகுதியும் சேரும் இடத்தில் இருந்தால், நுரையீரலையும் மார்பகத்தையும் பாருங்கள்.

அப்புறம், ஒன்றுமே செய்யத் தேவையில்லாதவை. பீனியல் சுரப்பியில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான நீர்ப்பை, ரத்தக்குழாய்களைச் சுற்றி விரிந்த விர்ச்சோ ராபின் இடைவெளிகள், பொட்டு மடல் நுனியில் அமைதியாக இருக்கும் அராக்னாய்டு சிஸ்ட். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது எதேச்சையாகத் தெரிபவை இவை. இவற்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து பணத்தையும் நிம்மதியையும் இழந்தவர்கள் ஏராளம்.

ஒவ்வொரு படமும் ஒரு கேள்வி

எம்.ஆர்.ஐ என்பது ஒரே படம் கிடையாது. டி1, டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன் என்று ஒரே மூளையைப் பல விதமாக எடுத்த படங்கள். பையை வைத்துக்கொண்டு நான் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே இருப்பது சாதாரண மூளை நீர்தானா? டி1-ல் கறுப்பு, டி2-ல் வெள்ளை, ஃப்ளேரில் மறுபடி முழுக் கறுப்பு என்று மூளை அறைகளில் இருக்கும் நீரோடு எல்லாப் படத்திலும் ஒத்துப்போனால் நல்ல செய்தி. ஃப்ளேரில் முழுக்கக் கறுக்காமல் மங்கலாக நின்றால் அந்த நீரில் புரதமோ வேறெதுவோ கலந்திருக்கிறது, மேலே தேட வேண்டும்.

நீர் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்று காட்டும் டிஃப்யூஷன் படத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பை. சி.டி., டி1, டி2 மூன்றிலும் அராக்னாய்டு சிஸ்ட்டும் எபிடெர்மாய்டு கட்டியும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். டிஃப்யூஷனில் ஒன்று கறுப்பு, இன்னொன்று பளீரென்று வெள்ளை. வெள்ளையாக இருப்பது எபிடெர்மாய்டு. நரம்புகளுக்கு நடுவே பரவி வளரும், வடித்து எடுக்க முடியாது, அறுவை வேறு விதமாகத் திட்டமிட வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒரு படம் சிகிச்சையையே மாற்றுகிறது.

சீழ்க்கட்டியையும் அழுகிய புற்றுக்கட்டியையும் பிரிப்பதும் அதுதான். இரண்டும் கான்ட்ராஸ்ட்டில் வளையமாக ஒளிரும், இரண்டைச் சுற்றியும் வீக்கம் இருக்கும், காய்ச்சல் எல்லாச் சீழ்க்கட்டிக்கும் வருவதில்லை. சீழ் கெட்டியானது, அதற்குள் நீர் மூலக்கூறுகள் நகர முடியாது, அதனால் நடுப்பகுதி டிஃப்யூஷனில் வெள்ளையாகவும் அதன் துணைப்படமான ஏ.டி.சி.யில் கறுப்பாகவும் வரும். புற்றுக்கட்டியின் நடுவில் இருப்பது பெரும்பாலும் நீர்த்த திரவம், அங்கே அப்படி வராது. இளம் டாக்டர்கள் கவனிக்க: டிஃப்யூஷன் வெள்ளையை மட்டும் பார்த்துச் சீழ் என்று எழுதாதீர்கள், ஏ.டி.சி. கறுக்காவிட்டால் அது டி2-வின் வெள்ளை ஊடுருவித் தெரிவது. கட்டிக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் இந்தப் படம் ஏமாற்றும், ரத்தக் கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ படத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுவரும் உதவும். சீழ்க்கட்டியின் சுவர் மெல்லியதாக, வழுவழுப்பாக, மூளை அறையை நோக்கிய பக்கம் இன்னும் மெல்லியதாக இருக்கும். புற்றின் சுவர் தடித்து, மேடு பள்ளமாக இருக்கும், பெர்ஃப்யூஷனில் அந்தச் சுவரில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருக்கும்.

கட்டிக்குள் என்னென்ன ரசாயனங்கள் இருக்கின்றன என்று காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபி எல்லோருக்கும் தேவையில்லை. சந்தேகம் மிச்சமிருக்கும்போது கேட்டால் போதும். சீழில் கிருமிகள் உண்டாக்கும் அசிட்டேட், சக்சினேட், அமினோ அமிலங்களின் கூர்முனைகள் தெரியும். காசநோய்க் கட்டியில் கொழுப்பின் கூர்முனை ஓங்கி நிற்கும். கட்டி என்றால் கோலின் என்ற ரசாயனத்தின் கூர்முனை உயரும். கட்டியிலும் அழுகிய பகுதியில் கொழுப்பு தெரியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நம் ஊரில் புழுவையும் காசநோயையும் மறக்கவே கூடாது

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் வளையமாக ஒளிரும் புண் என்றால் முதலில் புற்று. இந்தியாவில் இருபது வயதுப் பையனுக்கு முதல் முறை ஃபிட்ஸ் வந்து, ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டர் வளையம் ஒன்று தெரிந்தால், முதலில் நினைக்க வேண்டியது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், அதாவது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியிருப்பது. ‘நாங்கள் சுத்த சைவம்’ என்று உடனே சொல்வார்கள். பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளைப் பாதிப்புக்குக் காரணம் அந்தப் புழு வயிற்றில் இருக்கும் மனிதரின் மலத்தோடு வெளிவரும் முட்டை; கழுவாத பச்சைக் காய்கறி, கீரை, தண்ணீர், கழுவாத கை வழியாக அது யார் வயிற்றுக்கும் போகலாம்.

படத்தில் இதற்கு ஒரு கையெழுத்து உண்டு: பைக்குள் ஒரு சின்னப் புள்ளி, அதுதான் புழுவின் தலை. அது தெரிந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். மெல்லிய கனத்தில் எடுத்த படங்களில்தான் தெரியும் என்பதால் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த பழைய பாணி ஸ்கேனில் தவறிப்போகும். புழு சாகும்போதுதான் சுற்றிலும் வீக்கம் வந்து, சுவர் ஒளிர்ந்து, ஃபிட்ஸ் வரும். கடைசியில் சுண்ணாம்புப் புள்ளியாகிவிடும்.

முன்பு இந்த மாதிரிச் சின்ன வளையங்களைப் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேத்யூ சாண்டி, டாக்டர் வி. ராஜசேகர் ஆகியோர் இவற்றை எடுத்துப் பரிசோதித்து, பல செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுப் பைகள் என்று காட்டினார்கள், பிறகு எதை அப்படி நம்பலாம் என்பதற்கு அளவுகோலும் வகுத்தார்கள். ஒற்றைப் புண், 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, நடுக்கோட்டை மூளை தாண்டவில்லை, மூளை அழுத்தம் தொடர்ந்து கூடியிருக்கவில்லை, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் மோசமாகவில்லை, உடம்பில் வேறு தீவிர நோய் இல்லை. இத்தனையும் பொருந்தினால் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஃபிட்ஸ் மாத்திரையோடு, டாக்டர் முடிவுசெய்தால் புழு மருந்தான அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் கொடுத்துவிட்டு, மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். நம் மண்ணில் நடந்த இந்த வேலையால் எத்தனையோ பேர் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

அல்பெண்டசோலை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கண்ணுக்குள் புழு இருந்தால் அது செத்து வீங்கிப் பார்வை போகும், அதனால் முதலில் கண் டாக்டர் பார்க்க வேண்டும். மூளை முழுக்கப் புழுக்கள் இருந்து வீக்கம் அதிகமாக இருக்கும்போதும் இந்த மருந்து ஆபத்து. 20 மில்லிமீட்டரைத் தாண்டி, ஒன்றோடொன்று ஒட்டிய வளையங்களாக, டி2-வில் நடுப்பகுதி கறுத்துத் தெரிந்தால் காசநோய்ப் பக்கம் சாய வேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அப்போது மூளை ஸ்கேன் அளவுக்கு முக்கியம். எதுவாக இருந்தாலும் மறு ஸ்கேனில் வளையம் பெரிதாகியிருந்தால் முதல் முடிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, பயாப்ஸி வரை போக வேண்டும்.

சிகிச்சையின்போது ஸ்கேன் எங்கே வருகிறது

நீரை வடித்தால் தலைவலி அன்றைக்கே குறையும், பார்வைகூடத் திரும்பும், அதனால் குணமாகிவிட்டது என்று தோன்றும். நாட்யூலை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால் பை திரும்ப நிரம்பும். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவில் நாட்யூலை எடுத்தால் பை தானாகவே சுருங்கிவிடும், பையின் சுவரைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. பைலோசைட்டிக்கில், சுவர் கான்ட்ராஸ்ட்டில் ஒளிராவிட்டால் பொதுவாக நாட்யூல் போதும், சுவரும் தடித்து ஒளிர்ந்தால் அதையும் கட்டியாகக் கருத வேண்டும். ‘சுவர் ஒளிர்கிறதா’ என்பது ரிப்போர்ட்டில் இல்லை என்றால் கேளுங்கள், அறுவையின் அளவே அதைப் பொறுத்தது.

அறுவைக்கு முன் நேவிகேஷனுக்கென்று, அதாவது அறுவையின்போது சர்ஜனுக்குத் திரையில் வழிகாட்டும் கருவிக்கென்று, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தனியாக ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். ‘போன வாரம்தானே எடுத்தோம்’ என்று சண்டை போடாதீர்கள். மூளையைத் திறந்து பையில் இருந்த நீர் வெளியேறியதும் மூளை இடம் மாறும், அந்த நொடியிலிருந்து நேவிகேஷன் திரையில் இருப்பது பழைய படம். அதனால் அனுபவமுள்ள சர்ஜன்கள் எப்போது நீரை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுப்பார்கள், அறுவை மேசையிலேயே அல்ட்ராசவுண்டும் வைத்துப் பார்ப்பார்கள்.

திறந்து எடுப்பது ஆபத்தான கிரேனியோஃபாரிஞ்சியோமாவில், பைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து அதன் மறுமுனையைத் தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழோடு இணைத்துவிடுவதுண்டு. இன்றைய பாகிஸ்தானில் பிறந்த அயூப் ஒம்மாயா 1963-ல் உருவாக்கியது, அவர் பெயராலேயே ஒம்மாயா ரிசர்வாயர் என்கிறோம். நிரம்பும்போதெல்லாம் குமிழில் ஊசி போட்டு வடிக்கலாம். இந்தக் கட்டிக்குக் கதிர்வீச்சு, குறிப்பாக புரோட்டான் சிகிச்சை கொடுக்கும்போது, சிகிச்சை நடக்கும் வாரங்களிலேயே பை பெரிதாகக்கூடும், பெரிதானால் குறிவைத்த எல்லைக்கு வெளியே போய்விடும். அதனால் சிகிச்சைக்கு நடுவில் ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்ப்பார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்த பிறகும் சில மாதங்கள் பை வீங்கிப் பிறகு சுருங்குவது உண்டு, அதைப் பார்த்துச் சிகிச்சை தோற்றது என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு வரும் ஸ்கேன்கள்

அறுவை முடிந்து 48 மணி நேரத்துக்குள், தள்ளிப்போனால் 72 மணி நேரத்துக்குள், கான்ட்ராஸ்ட்டோடு ஒரு எம்.ஆர்.ஐ எடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு காயம் ஆறும் திசுவே ஒளிர ஆரம்பித்துவிடும், மிச்சக் கட்டி எது, தழும்பு எது என்று பிரிக்க முடியாது. பின்னாளில் எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அடிப்படைப் படம் இதுதான்.

கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தும் முடிந்த முதல் மூன்று மாதத்தில் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் ஸ்கேன் மோசமானதாகத் தெரிந்து, அடுத்த ஸ்கேனில் தானாகச் சரியாவது பலருக்கு நடக்கும். நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு படத்தை நம்பி மருந்தை நிறுத்துவது தவறாகிவிடலாம். பெர்ஃப்யூஷன் சேர்த்துப் பார்த்து, சில வாரம் பொறுத்து மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள். கட்டி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ரானோ விதிகளிலேயே, நீர்ப்பையையும் அறுவை செய்த குழியையும் அளவில் சேர்க்கக் கூடாது, அதை ஒட்டிய சதைப்பகுதி பத்து மில்லிமீட்டராவது இருந்தால் அதைத்தான் அளக்க வேண்டும் என்று இருக்கிறது. ‘பை 3-லிருந்து 4 சென்டிமீட்டர் ஆயிடுச்சு’ என்று ரிப்போர்ட் வந்தால், நாட்யூல் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒப்பிடும்போது போன ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. மெதுவாக வளரும் கட்டி ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் கூடும், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ‘மாற்றமில்லை’ என்று வரும், மூன்று வருடம் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் வளர்ச்சி கண்ணில் படும். அதனால் எல்லா டிஸ்க்கையும் தேதி எழுதி ஒரே பையில் வையுங்கள், முடிந்தவரை ஒரே இடத்தில் ஒரே விதமாக ஸ்கேன் எடுங்கள்.

அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, அதுவும் நாளுக்கு நாள் கூடுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், திடீரென்று இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்தவருக்குக் காய்ச்சல், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்திய பிறகு வரும் சோர்வு. இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவாக இருந்தாலும் நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஃபிட்ஸ் வந்தால் கையில் இரும்பு கொடுப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைக் காலரைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினாலோ ஒன்று முடிந்து நினைவு வருமுன் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.